கழன்ற பெல்ட்

நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரசவ வலியில் கிடப்பவளின் வயிற்றைச் சுற்றிக் கட்டிய பெல்ட் கொஞ்சம் நகர்ந்தால் போதும், குழந்தையின் இதயத் துடிப்பைக் காணோம் என்று அந்த மிஷின் ஊரைக் கூட்டிவிடும். காலையிலிருந்து இரண்டு முறை விழுந்தடித்து ஓடி வந்தாகிவிட்டது. இரண்டு முறையும் பெல்ட்டைக் கழற்றியவள் டூலாதான். கூடவே இருந்து இடுப்பைத் தேய்த்துவிட்டுத் தைரியம் சொல்ல வீட்டார் அமர்த்திய பிரசவத் துணைக்காரி அவள்.

"சொல்லிட்டுக் கழட்டுன்னு எத்தனை தடவைம்மா சொல்றது?"

"நீங்க வர்றதுக்குள்ள குழந்தையே பொறந்துடும் சிஸ்டர். அவ திரும்பிப் படுக்கணும்னு துடிக்கிறா."

கட்டிலில் கிடந்த பெண் வலியிலும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் நர்ஸின் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. மூன்று கட்டில்களுக்கு ஒற்றை ஆளாய் நாய் படாத பாடு படுகிறவள் இவள். நல்ல பெயர் மட்டும் அவளுக்கா?

பக்கத்து அறையில் ஒருத்திக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது மிஷின் மறுபடி கத்தியது.

"கத்தட்டும். கழட்டினவளே மாட்டட்டும்" என்று முணுமுணுத்தாள் நர்ஸ்.

ஊசி போட்டு முடித்த பிறகும் தட்டை நிதானமாக அடுக்கினாள். வீம்புதான், வேறென்ன?

டூலா வாசலுக்கு ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"சிஸ்டர், பெல்ட்டை நான் தொடலை. சத்தியமா தொடலை."

தட்டைப் போட்டுவிட்டு நர்ஸ் ஓடினாள். திரையில் குழந்தையின் துடிப்பு பாதியாகச் சரிந்திருந்தது. டாக்டரை அழைக்கும் பொத்தானை அடித்தாள். "இடது பக்கம் புரட்டு, பிடி!" இரண்டு பேரும் சேர்ந்து புரட்டினார்கள். டாக்டர் வந்து கருவி வைத்து இழுத்தபோது குழந்தை நீலம் பாரித்து, துவண்டு வந்தது. அழவில்லை. நர்ஸ் அதன் முதுகைத் தேய்த்தாள், மூச்சு கொடுத்தாள், கடவுளையே திட்டினாள். கடைசியில் வீறிட்டது.

வெளியே நடையில் டூலா வழிமறித்தாள்.

"சொல்லாமக் கழட்டினது என் தப்புதான். நீங்க ஏன் வரலை?"

"நீதான் கழட்டிட்டேன்னு நினைச்சேன்."

"என் மேல இருந்த கோவத்தை அந்தக் குழந்தை மேலயா காட்டுவீங்க?"

மூன்று கட்டில், ஒற்றை ஆள் என்று வாய் வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லாமக் கழட்டினே, கையை ஒடிச்சிடுவேன்" என்று சீறினாள் நர்ஸ்.

"ஒடிங்க சிஸ்டர்" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆனா வந்து ஒடிங்க."