முதலை முட்டையிட்ட மேடு

லாஞ்சில் சாமியே ஏறிவிட்டது. பூசாரி அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் பள்ளிவாசல் இமாம், வேதப் புத்தகங்களைப் பாலித்தீன் பையில் கட்டி, கீழே வைக்க மனசில்லாமல் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தார். அவரை ஒட்டி, மாதா கோயில் மணியை அணைத்தபடி பாதிரியார். ஒலிபெருக்கிச் சத்தத்துக்காக ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்ட கூட்டம்தான். இன்று மூன்று பேருக்கும் ஒரே பெஞ்சு.

லாஞ்சு ஓட்டுகிறவனை எல்லோரும் சுக்கான் என்றே கூப்பிடுவார்கள். இந்தக் கழிமுகத்தின் அத்தனை கிளையாறும் அவனுக்கு அத்துப்படி. வெள்ளம் ஏறிக்கொண்டே வந்ததால், காலையிலிருந்து வந்த வழியில் நாலு தீவைக் காலி செய்தாயிற்று. மூழ்கிய பள்ளிக்கூடத்தின் கூரையில் கொக்குகள் உட்கார்ந்திருந்தன. கரைமேட்டில் மாடுகளோடு மானும் நின்றது, பயப்படக்கூடத் தெம்பில்லாமல்.

கடைசித் தீவில் அவனுடைய அக்கா இருந்தாள். இதுதான் கடைசி நடை; இனி இந்தத் தடத்தில் லாஞ்சு கிடையாது. அவளையும் மாமாவையும் இப்போது ஏற்றினால்தான் உண்டு. கடல் ஓதம் இறங்கித் தண்ணீர் வடிந்தால் லாஞ்சு சேற்றில் உட்கார்ந்துவிடும். அதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு மூட்டைகூடக் கட்டியிருக்கவில்லை.

"என்னக்கா இது? நேத்தே சொல்லி அனுப்பினேனே!"

"நாங்க வரலடா."

"ஏன்?"

"வீட்டுக்குப் பின்னால முதலை முட்டை வச்சிருக்கு. தண்ணி ஏறாத இடம் அதுக்குத் தெரியும்."

சுக்கானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இங்கே வீடு கட்டுகிறவர்கள், பிணம் புதைக்கிறவர்கள் எல்லோருமே முதலைக் கூட்டைப் பார்த்துத்தான் மேடு எது என்று முடிவு செய்வார்கள். அவனும் அப்படி நம்பி வளர்ந்தவன்தான். ஆனாலும் உயிரைக் கொண்டுபோய் ஒரு முதலையிடம் அடகு வைப்பார்களா?

பின்பக்கம் போனான். இலையும் மண்ணுமாகக் குவித்த கூடு இடுப்புயரம் இருந்தது. காவலுக்குத் தாய் முதலை இல்லை. அது பக்கத்தில் இருந்தால் அவன் இவ்வளவு தூரம் நடந்திருக்க முடியாது. குச்சியால் கிளறினான். உள்ளே சொதசொதவென்று உப்புத் தண்ணீர். முட்டைகள் அழுகி நாறின.

திரும்பினால், பின்னாலேயே அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"போன வாரமே பார்த்துட்டேன்," என்றாள். "நான்தான் திரும்ப மூடி வச்சேன்."

"தெரிஞ்சுமா?"

"மெதுவாப் பேசு. மாமாவுக்குத் தெரியாது."

மாமா மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடப்பவர். போன வெள்ளத்தில் முகாமுக்குத் தூக்கிப் போனார்கள். கழிப்பறையை ஒட்டிய வராந்தாவில் நாலு மாதம் படுக்கை. முதுகெல்லாம் புண். போகிறவர் வருகிறவரெல்லாம் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

"இன்னொரு தடவை தூக்கினா, வழியிலேயே ஆத்துல உருண்டுருவேன்னு சொல்லிட்டார். செய்வார்டா. இந்த முட்டையை நம்பித்தான் ராத்திரி தூங்குறார். அதையும் பிடுங்கச் சொல்றியா?"

"நீயாவது வாக்கா."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பேச்சைப் பேசியதற்காக அவனுக்கே கூசியது. அவன் வீட்டில் ஒரே அறையில் எட்டுப் பேர். அதன் கொல்லையையும் ஆறு தின்றுகொண்டிருந்தது. கூட்டிப் போய் எங்கே வைப்பான்?

லாஞ்சிலிருந்து யாரோ கத்திக் கூப்பிட்டார்கள். உள்ளேயிருந்து மாமாவின் குரலும் வந்தது.

"மாப்ளே! கூட்டைப் பார்த்தியா? நல்லா இருக்கா?"

சுக்கான் கட்டிலருகே போய் உட்கார்ந்தான். கையைத் தண்ணீரில் இரண்டு முறை கழுவியிருந்தான்.

"நல்லா இருக்கு மாமா. இன்னும் பத்து நாள்ல பொரிச்சிடும்."

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம் என்னடா? உன் வீடு ரொம்பத் தாழ்வுல இருக்கு. உன் பொண்டாட்டி பிள்ளைங்களையும் இங்கயே கூட்டிட்டு வந்துடு. இடமா இல்ல?"

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

"சரி மாமா," என்றான் சுக்கான். "அடுத்த நடையிலேயே கூட்டிட்டு வர்றேன்."