உச்சிக்குழி

நான் நேசராணி, வாய்க்காரி. எங்க தேயிலைத் தோட்டத்துல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. பிள்ளைக் காம்பராவுல பதினாலு வருசமா ஆயா வேல பாக்குறேன்; கொழுந்து பறிக்கப் போற பொம்பளைங்க கொண்டாந்து விடுற கைக்குழந்தைங்க எல்லாம் என் பொறுப்பு. பிந்தி வந்தாலும் திட்டுவேன், புள்ளைக்கு மூக்கு ஒழுகுனா அதுக்கும் திட்டுவேன். அப்படிப்பட்டவ ஒரு நாள் பேச வேண்டிய எடத்துல வாயப் பொத்திக்கிட்டேன்.

ஞாயித்துக்கெழமையானா வேதக்கோயில்ல சின்னப் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குறதும் நாந்தான். ஒடம்பத் தொட்டுக் காட்டியே சொல்லுவேன். "மூளை மெத்துன்னு இருக்கும், அதனால கடவுள் அத மண்டையோட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டாரு. இருதயத்தச் சுத்தி விலா எலும்பால வேலி. கண்ணுக்கு இமை. பாத்தீங்களா, எம்புட்டு கவனமா காக்குறாரு!" புள்ளைங்க அவங்கவங்க தலையத் தட்டித் தட்டிப் பாத்துச் சிரிக்கும்.

அன்னைக்குச் செவ்வாக்கெழமை. நிலுக்ஷியோட மகன் ஜெரோஷுக்கு அஞ்சு மாசம், கட்டில்ல போட்டா ஊரக் கூட்டுவான். சேலையில தொட்டில் கட்டக் கூடாதுன்னு தோட்டத்து உத்தரவு. நான் கட்டுனேன். பத்து மணி இருக்கும், முடிச்சு நழுவி புள்ள சிமெந்துத் தரையில விழுந்துட்டான். வீல்னு ஒரு கத்து, தூக்குனதும் அடங்கிட்டான். தலையத் தடவிப் பாத்தேன். ரத்தம் இல்ல. மண்டையோடு கெட்டி, கடவுள் காப்பாத்திட்டாரு, ஸ்தோத்திரம்னு சொல்லிட்டு சேலைய மடிச்சு வச்சிட்டேன்.

பன்னண்டு மணிக்கு நிலுக்ஷி கொழுந்தெடுக்குற மலையில இருந்து பால் குடுக்க எறங்கி வந்தா. தாயில்லாப் பொண்ணு, கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்ததுல இருந்து என்னைய அக்கா அக்கான்னு சுத்துறவ.

"என்னக்கா, சரியா குடிக்க மாட்டேங்குறான்?"

"தூக்கக் கலக்கம்டி. சும்மா நசநசன்னு கேக்காத," ன்னு எரிஞ்சு விழுந்தேன். அவளும் நம்பி மலைக்குப் போயிட்டா. அடிப்பாவி நேசராணி!

ரெண்டு மணிக்கு வாந்தி எடுத்தான். உச்சியத் தொட்டா, பள்ளமா இருக்க வேண்டிய குழி மேடா பொடச்சு நிக்குது. ஆளனுப்பி நிலுக்ஷியக் கூப்பிட்டு, ஆட்டோ புடிச்சோம். பசறையத் தாண்டி பதுளைப் பெரியாஸ்பத்திரி வரைக்கும் அம்புட்டு வளைவுலயும் அவ புள்ளைய நெஞ்சோட அணைச்சு ஜெபம் பண்ணிக்கிட்டே வந்தா. நான் ஆமென் சொல்லிக்கிட்டே வந்தேன். விழுந்தான்னு மட்டும் சொல்ல வரல. சொன்னா தோட்டத்துத் தொரை அன்னைக்கே என் சீட்டக் கிழிச்சிருவாரு.

அங்க றஷீதா டொக்டர்னு ஒரு சின்ன வயசுப் பொண்ணு. புள்ள கண்ணுல டோர்ச் அடிச்சுப் பாத்துட்டு, "எங்கயாச்சும் விழுந்தானா?"ன்னு கேட்டாங்க.

"இல்லைங்க டொக்டர். இந்தா, இந்த அக்காதான் பாத்துக்கிறாங்க. விழ விடவே மாட்டாங்க," ன்னு நிலுக்ஷி என் கையப் புடிச்சா.

"விழலன்னா மூளைக்காய்ச்சலா இருக்கலாம். மொதல்ல அதப் பாப்போம்," ன்னு டொக்டர் நர்ஸ் பக்கம் திரும்பிட்டாங்க.

இல்லாத வியாதிக்கு வைத்தியம் பாக்கப் போறாங்க, நான் மரமா நிக்கிறேன்.

"விழுந்தான் டொக்டர்! பத்து மணிக்கு, சிமெந்துல, தலை அடிபட விழுந்தான். நாந்தான் மறைச்சிட்டேன்!"

வார்டே திரும்பிப் பாத்துச்சு. நிலுக்ஷி என் கைய விட்டுட்டா.

டொக்டர் ஒடனே ஸ்கேன் எடுத்தாங்க. மண்டையோட்டுக்குக் கீழ ரத்தம் கட்டியிருக்கு, ஒப்பரேஷன் பண்ணணும்னாங்க. கையெழுத்து வாங்குற அவசரத்துலயும் நிலுக்ஷிகிட்ட சொன்னாங்க: "இந்த வயசுல உச்சிக்குழி மூடியிருக்காதும்மா. எலும்பும் இன்னும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டல. உள்ள வீங்குறதுக்கு அதுல கொஞ்சம் எடம் கெடச்சிருக்கு. அதனாலதான் இவ்வளவு நேரம் தாங்கியிருக்கான்."

பூட்டிட்டாரு, பூட்டிட்டாருன்னு எத்தன ஞாயிறு படிச்சுக் குடுத்திருக்கேன்! அவரு பூட்டவே இல்லையே. என்னைய மாதிரி ஒருத்தி கையில இந்தப் புள்ள மாட்டும்னு தெரிஞ்சுதான் ஒரு எடத்தத் தொறந்து வச்சிருக்காரு. அந்த நெனப்பு ஆறுதலாவும் இருந்துச்சு, செருப்பால அடிச்ச மாதிரியும் இருந்துச்சு.

ராத்திரி எட்டு மணிக்கு மேல டொக்டர் வெளிய வந்தாங்க. ரத்தத்த எடுத்தாச்சு, புள்ள பொழச்சிட்டான்னாங்க. "இயேசப்பா!"ன்னு கத்திக்கிட்டு நிலுக்ஷியக் கட்டிப் புடிக்கப் போனேன். அவ பின்னால நகந்துட்டா.

"ஏன் சொல்லலக்கா?"

"வேல போயிரும்னு பயந்துட்டேன்டி."

"எம் புள்ள போயிரும்னு பயப்படலயா?"

இனிமே மறைக்க என்ன இருக்கு. "இல்லடி. கடவுள் காப்பாருன்னு இருந்துட்டேன்," ன்னேன்.

மத்தியானத்துல இருந்து புள்ள சரியா குடிக்காததுல பால் கட்டி, அவ சட்டையெல்லாம் நனஞ்சு போயிருந்துச்சு. என் மூஞ்சிய நேராப் பாத்துச் சொன்னா:

"அவரு காக்கத்தானேக்கா, புள்ளைய உங்க கையில குடுத்தாரு."