மத்தியானமானால் செத்துப்போகிற லைன்

லட்சுமிகாந்தம் அக்கா அன்றைக்குக் காலையில் செருப்பைக் கழற்றும்போதே கையிலிருந்த போனைப் பார்த்து வைதுகொண்டுதான் வந்தாள். திருத்தங்கலில், காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸுக்குப் பின்கட்டில் அவளுடைய இன்டர்நெட் ஆபீஸ். பாகம் பிரித்தபோது பிரஸ் அவள் அண்ணன் பங்குக்குப் போயிற்று, பின்கட்டு இவளுக்கு வந்தது. அந்தப் பின்கட்டில் இருந்துகொண்டே சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் கேபிள் இழுத்துவிட்டவள் அவள்.

"போன்ல யாருக்கா?" என்று கேட்டாள் எழில். ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண்.

"யாருன்னா கேக்குற? தாயில்பட்டிக்காரன் வையுதான், அச்சங்குளத்துக்காரன் வையுதான், வெம்பக்கோட்டைக்காரன் எங்க அப்பனையே இழுத்து வையுதான். மத்தியானமானா லைன் செத்துப்போகுதாம், பொழுதடையப் பாத்து உசுரு வருதாம். லைனா, பேயா அது?"

சுவரில் ஏணியைச் சாத்திக்கொண்டிருந்த லைன்மேன் முனியராஜ் சிரித்துவிட்டான். சிரித்திருக்கக் கூடாது.

"சிரிக்கியா? கேபிளுக்கு ஜாயிண்ட் போட்டவன் நீதான்பா. இந்த வாரத்துக்குள்ள மூணு ஊரு லைனும் சாகாம ஓடணும். இல்லன்னா நான் வேற லைன்மேனப் பாத்துக்கிடுவேன்."

அவள் கோபத்தில் சொல்கிறவள் அல்ல, சொன்னால் செய்கிறவள். முனியராஜின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வற்றிப்போனது.

எழில் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். அவளும் முனியராஜைப் போல அச்சங்குளத்துக்காரி, அவன் அவளுக்கு அண்ணன் முறை. கம்பம் ஏற வருமுன் அவன் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற அறையில் இருந்தவன். பிள்ளை பிறந்ததும் அவன் மனைவி சண்முகத்தாய் ஒரே பிடியாக நின்றாள். "கம்பத்துல இருந்து விழுந்தா கால்தான் ஒடியும். அங்கன வெடிச்சா அள்ளிட்டு வரக்கூட ஆள் வேணும்" என்றாள். அதற்காகவே வந்தான். இந்த வேலை போனால் அந்த மருந்து அறையை விட்டால் அவனுக்கு வேறு போக்கில்லை. தீபாவளி சீசன் வேறு. மருந்து கலக்கத் தெரிந்த கைக்கு எந்தக் கம்பெனியும் கதவைச் சாத்தாது.

"அக்கா, அண்ணன் ஜாயிண்டுலதான் கோளாறுன்னு எப்படிச் சொல்லுதீக? பெட்டிககிட்ட கேட்டுப்பாப்போம்" என்றாள் எழில்.

"பெட்டிகிட்டயா? எம்மா, நீ நல்லாத்தான இருக்க?"

எழில் சொன்னது ஒன்றும் வினோதம் இல்லை. ஊருக்கு ஒரு பெட்டி உண்டு, ஏதாவது ஒரு கடையில், அந்தக் கடைக் கரண்டிலேயே ஓடும். கேபிள் அங்கே வந்து, அங்கிருந்து வீடுவீடாகப் பிரியும். அந்தப் பெட்டி சும்மா இருப்பதில்லை. விழித்துக்கொண்டேன், இந்த வீட்டு லைன் அறுந்தது, உடம்பு சுடுகிறது என்று நொடிக்கு நொடி ஆபீஸுக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். வாங்கி வைக்க ஆள் இல்லாததால் அத்தனையும் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. பூட்டிய வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தால் எப்படி, அப்படி.

அந்தச் சேதிகளை எல்லாம் பிடித்து வைக்க ஒரு மென்பொருள் உண்டு. அது கண்டெய்னராக வரும். லாரியில் போகிற கண்டெய்னர் என்று நினைத்துவிடாதீர்கள். குடித்தனம் மாறுகிறவர்கள் அடுப்பு, சட்டி, பருப்பு டப்பா எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போவார்களே, அதைப் போலத்தான். அந்த மென்பொருள் தனக்கு வேண்டியதெல்லாம் தன்னோடே கட்டிக்கொண்டு வந்து, எந்தக் கம்ப்யூட்டரில் இறக்கினாலும் அங்கேயே உலை வைத்துவிடும்.

மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து, எழில் அதில் கண்டெய்னரை இறக்கினாள். ஓடியது. ஆனால் ஒரு சேதியும் வரவில்லை. திரை வெள்ளையாகவே இருந்தது.

"என்னம்மா, ஒம் பெட்டிக கோவிச்சுக்கிட்டா?" என்று அக்கா கேட்டுவிட்டுப் போனாள்.

எழில் நகத்தைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். வெளியே இருந்து சேதி கண்டெய்னருக்குள் நுழைய ஒரு வாசல் திறந்துவிட வேண்டும். அவளும் திறந்திருந்தாள். ஆனால் சேதி வருவதில் இரண்டு விதம் உண்டு. கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிற பதிவுத் தபால் மாதிரி ஒன்று, வாசலில் வீசிவிட்டுப் போகிற பேப்பர் மாதிரி ஒன்று. ஊர்ப் பெட்டிகள் வீசிவிட்டுப் போகிற ஜாதி. இவள் பதிவுத் தபாலுக்கு மட்டும் வாசல் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். தலையில் அடித்துக்கொண்டு, எந்த விதம் என்று சொல்கிற அந்த ஒரு வார்த்தையை மாற்றினாள். மடை திறந்த மாதிரி சேதிகள் வந்து விழுந்தன.

அந்தச் சந்தோஷம் மத்தியானம் வரைதான். சாப்பிட்டு வந்து உட்கார்ந்தபோது மேற்கே வானம் உறுமியது. லட்சுமிகாந்தம் அக்கா யாருடனோ ஆர்டர் பேசிக்கொண்டே எழுந்து போனாள். பேச்சு நிற்கவில்லை, கை மட்டும் நீண்டு சுவரிலிருந்த மெயின் சுவிட்சை இறக்கியது. லைன் மெஷின்கள் பேட்டரியில் ஓடுகிறவை, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழிலின் பழைய கம்ப்யூட்டர்தான் பொசுக்கென்று அணைந்தது.

மழை விட்டு மறுபடி போட்டபோது ஒரு சேதியும் இல்லை. சோதித்துப் பார்க்கத்தானே என்று, நின்றதும் தடமில்லாமல் துடைத்துக்கொள்கிற விதத்தில் அவள் கண்டெய்னரை ஓடவிட்டிருந்தாள். காலையில் இருந்து பிடித்தது அத்தனையும் போயிற்று.

"விடு தாயி. நான் நாளைக்கு அச்சங்குளத்துல இருந்து எல்லா ஜாயிண்டையும் பிரிச்சு மறுபடி போடுதேன். அந்தம்மா வாயில விழுறதுக்கு அது தேவல" என்றான் முனியராஜ். அவன் குரல் இறங்கியிருந்தது.

மறுநாள் எழில் வந்ததும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரைப் பேட்டரியில் சேர்த்தாள். சேதிகள் கண்டெய்னருக்கு வெளியே, கம்ப்யூட்டரின் சொந்த ஹார்ட் டிஸ்கிலேயே விழும்படி ஓர் இடம் ஒதுக்கினாள். இனிக் கண்டெய்னர் செத்துப் பிழைத்தாலும் சேதி சாகாது. பிறகு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் வெம்பக்கோட்டைப் பெட்டி அணைந்துபோயிற்று. போவதற்கு முன் ஒரு சேதி சொல்லிவிட்டுப் போயிருந்தது: கரண்ட் நின்றுவிட்டது.

எழில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பெட்டிகளுக்குள் இத்தனூண்டு சக்தி மிச்சம் இருக்கும். கரண்ட் போகிற அந்த விநாடியில் அதை வைத்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடும். ஆனால் கேபிள் விட்டுப்போயிருந்தால் அந்த வார்த்தைகூட வந்து சேர வழி கிடையாது. வார்த்தை வந்துவிட்டது. அப்படியானால் கேபிள் நன்றாக இருக்கிறது. முனியராஜ் அண்ணன் போட்ட ஜாயிண்ட் அத்தனையும் நன்றாக இருக்கிறது!

கத்த வேண்டும் போல் இருந்தது. அதற்குள் தாயில்பட்டியும் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போயிற்று.

மின்வாரியம் நிறுத்தியிருந்தால் மொத்தமாகப் போயிருக்கும். இது ஒவ்வொன்றாகப் போகிறது, மேற்கே ஒன்று, கொஞ்சம் பொறுத்து அதற்குக் கிழக்கே ஒன்று. யாரோ வெம்பக்கோட்டையில் இருந்து நடந்து வந்துகொண்டே வழியில் ஒவ்வொரு சுவிட்சாக அணைப்பது போல. யார் அப்படி நடப்பார்கள்?

சட்டென்று அவளுக்கு நேற்று அக்காவின் கை நீண்டது கண்முன் வந்தது. இந்தப் பக்கத்தில் பிறந்த யாருடைய கையும் அப்படித்தான். முதல் உறுமல் கேட்டால் பட்டாசுக் கம்பெனியில் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியே எடுப்பார்கள், வீட்டிலும் கடையிலும் மெயினை இறக்குவார்கள். நடந்து வருவது ஆள் இல்லை. இடி.

அடுத்த ஊர் அச்சங்குளம். அங்கே கம்பத்தின் மேல் முனியராஜ். எழில் போனை எடுத்தாள்.

"அண்ணே, எங்கன இருக்கீக?"

"கம்பத்து மேலதான். கையில கேபிள் இருக்கு, அப்புறம் பேசு."

"எறங்குங்கண்ணே! இடி வருது."

"இடியா? ஏ எழிலு, இங்கன வெயிலு மண்டையப் பொளக்குது."

"தாயில்பட்டிக்கு வந்துருச்சு, ஒங்களுக்கு வந்துக்கிட்டிருக்கு. பெட்டி சொல்லிருச்சு. எறங்குறீகளா, மதினிக்குப் போனப் போடவா?"

சண்முகத்தாயின் பேரைச் சொன்னதும் ஆள் இறங்கிவிட்டான். போனை வைக்காமலே, ஊர்ப் பெட்டி மாட்டியிருந்த டீக்கடைக்குள் போய் உட்கார்ந்து முனகினான். கடைக்காரி அய்யம்மாளின் குரல் போனிலேயே கேட்டது. "என்னலே, வேல பாக்காம வந்து உக்காந்துட்ட?"

"ஆபீசுல இடி இடிக்காம். இங்கன வரப்போவுதாம்."

"ஆபீசுல இருந்துக்கிட்டு ஒனக்கு இடி அனுப்புதாகளா? நல்ல ஆபீசுதான்" என்று சிரித்தாள் அய்யம்மாள்.

ஒரு டீ குடிக்கிற நேரம்தான். எழிலின் காதிலேயே அந்த உறுமல் விழுந்தது. தொடர்ந்து நாற்காலி நகர்கிற சத்தம், "டக்" என்று ஒரு சத்தம். அதே மூச்சில் எழிலின் திரையில் அச்சங்குளம் தன் கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு அணைந்தது.

"ஏ எழிலு..." என்றான் முனியராஜ். "அய்யம்மாக்கா மெயின இறக்கிட்டாக."

"தெரியுதுண்ணே. எனக்கு இங்கன தெரியுது."

"அய்யம்மாக்கா, நீங்கதான் தெனமும் இத ஆஃப் பண்ணுதீகளா?"

"பின்ன? இடி இடிக்கையில எவளாவது கரண்ட விட்டு வப்பாளா? ஒங்க பொட்டி பெருசா, எங்க தெரு பெருசா?"

வெளியே இடித்த இடியில் போன் கரகரத்தது. சற்றுமுன் தான் நின்ற கம்பத்தை முனியராஜ் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.

எழில் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து திரையைக் காட்டினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா முறைத்தாள். "ஓசிக் கனெக்‌ஷன் குடுத்துத்தான கடையில பெட்டிய வச்சோம்? யாரக் கேட்டு ஆஃப் பண்ணுதாக?"

"நேத்து நீங்க யாரக் கேட்டுக்கா ஆஃப் பண்ணீக?"

அக்கா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நானா? நேத்தா?" என்றவள், சிரிக்க ஆரம்பித்தவள்தான், முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

சிரிப்பு அடங்கியதும் அவள் திரையை மறுபடி பார்த்தாள். வியாபாரக் குடும்பத்துப் புத்தி, சும்மா இருக்குமா? "ஏட்டி, அப்ப இந்த இடி அச்சங்குளத்துக்குக் கிழக்காமதான போகும்?"

"ஆமாக்கா."

அச்சங்குளத்துக்குக் கிழக்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் பாலகுரு என்று ஒரு போர்மேன், அக்காவுக்குத் தெரிந்தவர். அவருக்குப் போன் போட்டாள். "பாலகுரு, இடி ஒங்க பக்கம் வருது. ஆளுகள வெளிய எடுங்க. வெயிலடிச்சா அடிக்கட்டும், எடுங்கன்னு சொல்லுதேன்ல!" அவர் என்னவோ கேட்டார். "எப்படித் தெரியுமாவா? எங்க ஆபீசுல ஒரு பிள்ள இருக்கா" என்றாள்.

அதை முடித்த கையோடு முனியராஜைக் கூப்பிட்டாள். அவன் முந்திக்கொண்டு, "அக்கா, நாளைக்கு நான் வேலைக்கு வரலாமா?" என்று கேட்டான்.

"நாளைக்கு என்னப்பா நாளைக்கு? பிரிச்ச ஜாயிண்ட யாரு போடுவா, எங்க அண்ணனா? மூணு ஊருப் பெட்டிக்கும் பேட்டரி வாங்கப் போறேன். அய்யம்மா மெயின இறக்கட்டும், லைன் அது பாட்டுக்கு ஓடட்டும். இறக்குன சேதியும் நமக்கு வரட்டும். அத்தனையும் நீதான் மாட்டணும். கெளம்பு."

எழில் போனருகே குனிந்தாள். அந்தப் பக்கம் மழை ஓட்டில் விழுகிற சத்தத்துக்கு நடுவே அவன் சிரிப்பது கேட்டது.

"மழ விடட்டும்க்கா. இனி எழிலு சொன்னாத்தான் கம்பத்துல கால வைப்பேன்."