ஒன்றுக்கு இரண்டு

அக்கா புருஷனுக்கு நான் வைத்த பெயர் கிராம் மாமா. மருந்துக்கடையில் பொடி நிறுத்தே தலை நரைத்த மனிதர். அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு படுத்ததும், அவர் செய்த முதல் காரியம் சமையலறைக்கு ஒரு மின்தராசு வாங்கியது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அந்த அறைக்குள் அவர் போனதெல்லாம் தண்ணீர் குடிக்கத்தான்.

சோறு ஒரு நாளும் வேகவில்லை. நடுவில் அரிசியாகவே இருந்தது. அக்கா நாலு வாய் மென்றுவிட்டுத் தட்டை ஒதுக்கிவிடுவாள். கன்னம் ஒட்டிப்போயிற்று. இப்படிச் சாப்பிட்டால் எலும்பு எப்படிக் கூடும் என்று டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போய், அக்காவின் துணிகளைப் பெட்டியில் அடுக்கினேன்.

"இந்த வீட்டை விட்டு நான் வரமாட்டேன்டி" என்றாள் அக்கா.

"பட்டினி கிடந்து சாகப்போறியா?"

மாமா அறை வாசலில் நின்றிருந்தார். "இன்னைக்கு ஒரு வேளை பாரு. சரியா வரலேன்னா கூட்டிட்டுப் போ."

"பேச்சு மாறக்கூடாது மாமா."

கையைக் கட்டிக்கொண்டு சமையலறையில் நின்றேன். தராசில் ஒரு தட்டை வைத்து இருநூறு கிராம் அரிசி நிறுத்தார். டம்ளரில் தண்ணீர் பிடித்து அதையும் நிறுத்தார், நானூறு. சரியாக இரண்டு டம்ளர் வந்தது.

"ஒண்ணுக்கு ரெண்டு. அரிசிப் பாக்கெட்லயே போட்டிருக்கு."

"இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தினா குறைஞ்சா போயிடுவீங்க?"

"கணக்குன்னா கணக்கு. வேகலேன்னா இன்னும் கொஞ்ச நேரம் அடுப்புல வைக்கணும், அவ்வளவுதான்."

அப்போதுதான் தப்பு எங்கே என்று எனக்கு உறைத்தது. பெட்டி தயார், கார் வாசலில். பேசாமல் இருந்தால் அக்கா என்னோடு வந்துவிடுவாள். ஆனால் பேசாமல் இருப்பது என் ஜாதகத்திலேயே இல்லை.

"ஐயோ மாமா! ஒண்ணுக்கு ரெண்டுன்னா டம்ளருக்கு டம்ளர்! கிராமுக்கு கிராம் இல்ல!"

தட்டைப் பிடுங்கி அரிசியை டம்ளரில் கொட்டினேன். நிரம்பியது. தலைதட்டிய பிறகும் தட்டில் ஒரு கைப்பிடி மிஞ்சியது. மாமா அந்தக் கைப்பிடி அரிசியையே பார்த்தார்.

"இத்தனை நாளும் இதுக்குத் தண்ணியே ஊத்தலையா நான்?"

உள்ளேயிருந்து அக்கா கத்தினாள். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டியாடி நீ?"

ஓடினேன். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தராசு கீச்சுக் கீச்சுன்னு கத்தின அன்னைக்கே தெரியும்."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"அவரா வந்து கேக்கட்டும்னு இருந்தேன். முப்பது வருஷமா தின்னாரே, எப்படிச் செய்யறேன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா? பாக்கெட்டைப் படிக்கிறாரு. பக்கத்து அறையில நான் கிடக்கறேன்." சொல்லும்போதே அழுதுவிட்டாள். எனக்கு இருவரையும் நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

மாமா டம்ளரும் கையுமாக எனக்குப் பின்னால் நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். தொண்டையைச் செருமினார்.

"உப்பு எவ்வளவு போடுவே?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டம்ளருக்கு ரெண்டு சிட்டிகை."

"சிட்டிகைன்னா எத்தனை கிராம்?"

அக்கா சிரித்தாள். "ஐயோ, இடுப்பு!" என்று பிடித்துக்கொண்டே சிரித்தாள். பிறகு, "தராசை இங்க கொண்டாங்க, உப்பையும் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

படுத்தபடியே ஒரு சிட்டிகை எடுத்துத் தராசில் போட்டாள். பூஜ்ஜியம். மாமா குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார். பூஜ்ஜியம்தான்.

"இது ஒண்ணும் காட்ட மாட்டேங்குதே."

"அப்ப என் விரலைப் பாருங்க."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தார். நான் பெட்டியைத் திறந்து, துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினேன்.