சோதனைக்கு ஒதுக்கிய வாக்கியங்கள்

அத்தானைப் பழிவாங்கத்தான் நான் பார்சர் எழுதக் கற்றுக்கொண்டேன். அறிவுத் தாகம், மொழிப்பற்று என்றெல்லாம் யாரிடமும் கதை அளந்ததில்லை.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். மூவரும் ஒரே அலுவலகத்தில், ஒரே மாடியில் வேலை பார்த்தோம். வாக்கியத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ளக் கணினிக்குக் கற்றுத்தருவது எங்கள் தொழில். மொழியியல் படித்த நான் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மரம் போட்டேன். எந்தச் சொல் எதைச் சார்ந்து நிற்கிறது என்று கோடு இழுத்துக் காட்டுவதைத்தான் மரம் என்போம். அக்கா அந்தக் கோப்புகளைப் பிரித்து அடுக்குவாள். அவற்றைப் படித்துவிட்டுப் புது வாக்கியத்துக்குத் தானே மரம் போடும் நிரல்தான் பார்சர். அதை எழுதியது அத்தான்.

என் மரங்கள் தொகுப்பாக வெளிவந்தபோது முகப்பில் அவர் பெயர் மட்டும் இருந்தது. கடைசிப் பக்கத்தில் 'தரவு உள்ளிட்டவர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி. அந்த 'வர்களு'க்குள் எங்கோ நான் ஒடுங்கிக் கிடந்தேன். நேரே அவரிடம் போய்க் கேட்டேன்.

"மரம் யார் வேணும்னாலும் போடலாம்மா. மெஷினுக்குச் சொல்லித் தர்றதுதான் வேலை. அது உன்னால முடியாது" என்றார், தட்டச்சு செய்வதை நிறுத்தாமலே.

பக்கத்து மேஜையில் இருந்த அக்கா, காதில் விழாதவள் போலத் திரையைப் பார்த்தாள். அவர் பேச்சைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. புருஷனுக்கு வைக்கும் ஆப்பில் உனக்கும் பங்கு உண்டு என்று கருவிக்கொண்டேன்.

முதலில் படித்தது அடுக்கு முறை. சொற்களை ஒவ்வொன்றாக ஓர் அடுக்கின் மேல் வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி: அடுத்த சொல்லையும் ஏற்றுவதா, இருப்பதைக் கட்டிவிடுவதா? தாளில் போட்டுப் பார்த்தும் மண்டையில் ஏறவில்லை. கொடியிலிருந்த துணி கிளிப்புகளைப் பிடுங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லை ஒட்டிக் கட்டிலில் பரப்பினேன். 'கடைக்குப் போன தம்பி திரும்பவில்லை.' 'கடைக்கு' என்ற கிளிப் 'போன'வைக் கவ்வியது. போன, தம்பியைக் கவ்வியது. தம்பி, திரும்பவில்லையைக் கவ்வியது. ஒரே சரமாகத் தூக்கியபோது சிரித்துவிட்டேன். அடுத்து 'அத்தான் தோற்றுப்போனார்' என்பதையும் கோத்துப் பார்த்தேன். இரண்டே கிளிப்தான், ஆனாலும் மனசு நிறைந்தது.

நீண்ட வாக்கியம் வந்தால் அடுக்கு முறை அவசரப்பட்டுத் தப்பாகக் கட்டிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காது. சாட்சாத் எங்கள் அத்தான்தான். அதனால் எந்தச் சொல்லிலிருந்தும் எந்தச் சொல்லுக்கும் கோடு வரலாம் என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, மொத்தத்தில் சிறந்த மரத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் படித்தேன். என் நிரல் கண்டபடி உளறியது. பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினேன். கோபம் இருந்தால் கணக்குகூட வரும் போலிருக்கிறது.

அதற்குள் அத்தானின் பார்சர் சோதனையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிவிட்டதாக அலுவலகமே கைதட்டியது. கோப்புகளை நானே பிரித்துக் கொடுத்துப் பழக்கிய என்னுடையது எண்பத்தைந்தைத் தாண்டவில்லை. கழிப்பறையில் நின்று அழுதேன். முகம் கழுவும்போதுதான் உறைத்தது. ஒரே வாக்கியங்களுக்கு நானும் இன்னொரு மொழியியலாளரும் தனித்தனியாக மரம் போட்டபோதே தொண்ணூற்று மூன்றுதான் ஒத்துப்போயிருந்தது. மனிதர்களே முரண்படும் இடத்தில் மெஷின் மட்டும் எப்படி என் மரத்தை அச்சு அசலாகப் போடும்? சோதனைக்கென்று ஒதுக்கிவைத்த வாக்கியங்களை அது பயிற்சியிலேயே பார்த்திருந்தால்தான் முடியும். பரீட்சைக்கு முன்பே விடைத்தாள் கையில் கிடைத்த கதை. எங்கள் துறையில் இதைவிடக் கேவலம் கிடையாது.

யாரிடமும் மூச்சு விடாமல் காத்திருந்தேன். அத்தானின் பார்சரைப் பார்க்க வாடிக்கையாளர்களும் இயக்குநர் அம்மாவும் கூட்ட அறையில் கூடிய நாளில் கையைத் தூக்கினேன். அலுவலகத்தில் அவரை சார் என்றுதான் அழைப்பேன். அன்று வேண்டுமென்றே, "அத்தான், இது இன்னைக்குக் காலைல வந்த செய்தி. இதைப் போட்டுக் காட்டுங்களேன்" என்றேன்.

போட்டார். திரையில் கோடுகள் சிக்கு விழுந்த தலைமுடி மாதிரி வந்தன. அடுத்த செய்திக்கும் அப்படித்தான். என் பார்சரில் அவற்றையே போட்டேன். ஓரிரண்டு கோடு பிசகியதே தவிர, மரம் மரமாக நின்றது.

"சோதனை வாக்கியமெல்லாம் பயிற்சிக் கோப்புல கலந்திருக்கு மேடம். இது மனப்பாடம் பண்ணி வாங்கின மார்க்."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. அதை நான் ஆசைதீரப் பார்த்தேன். கொஞ்சநேரம்தான்.

"கோப்பைப் பிரிச்சது நான் இல்ல மேடம், என் வொய்ஃப்" என்று அக்காவைக் கைகாட்டினார். "கவனமில்லாம கலந்துட்டா. இவளை நம்பினது என் தப்பு."

அவளுக்கும் பங்கு வேண்டும் என்று கருவியது நான்தான். ஆனால் அவர் கையால் அவள் வேலை போவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டாள்.

"கவனமில்லாம இல்லங்க. பார்த்துப் பார்த்துத்தான் கலந்தேன்."

"எதுக்கும்மா?" என்றார் இயக்குநர்.

"அத்தனை மரமும் என் தங்கச்சி போட்டது. அவ பேரைப் போடுங்கன்னு வீட்டுல எவ்வளவோ சொன்னேன், இவர் கேட்கல. மார்க் நிறைய வந்தா எப்படி வந்துச்சுன்னு இவர் பார்க்கமாட்டார். கூடவே வாழறேன், எனக்குத் தெரியாதா? நாலு பேர் முன்னாடி மாட்டட்டும்னு விட்டேன். என்னை வேலையை விட்டு அனுப்புங்க, பரவாயில்ல. முகப்புல அவ பேர் வரணும்."

அத்தான் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். எனக்கு அழுகை முட்டியது. கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, பொறாமையும். நான் மாதக்கணக்கில் முட்டி மோதிப் படித்துச் செய்ததை இவள் இரண்டு கோப்புகளை ஒன்றாகச் சேர்த்தே முடித்திருக்கிறாள்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். கண்ணில் துளி ஈரமில்லை.

"தொண்ணூத்தெட்டுன்னு கேட்ட அன்னிக்கே நீ கண்டுபிடிச்சிருப்பேன்னு நினைச்சேன்டி" என்றாள். "இத்தனை நாளும் அந்தாள் அடிச்ச பெருமையை வீட்டுல உட்கார்ந்து கேட்டது நான்தானே."