பக்கத்து நட்சத்திரம்

நட்சத்திரம் மங்கவே இல்லை. அது பாட்டுக்கு இருந்த இடத்தில் எரிந்துகொண்டுதான் இருந்தது. மங்குகிறது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவள் வானாய்வுக் குழுவின் தலைவி. போதாததற்கு அவளுடைய மாமியார், தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, சாகப்போகிற நட்சத்திரத்தை மருமகள் கண்டுபிடித்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளிச்சம் மாறும் நட்சத்திரங்களை அளப்பவர்கள் ஒன்றை மட்டும் தனியாக அளப்பதில்லை. பக்கத்தில் மாறாத ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதைவிட இது எவ்வளவு மங்கல் என்று பார்ப்பார்கள். அவள் பிடித்து வைத்த பக்கத்து நட்சத்திரமோ சத்தமில்லாமல் பிரகாசமாகிக்கொண்டே வந்திருக்கிறது. அவள் ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையைப் பரிசீலித்த யாரோ ஒரு புண்ணியவான், வேறு நட்சத்திரங்களோடும் ஒப்பிட்டுக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தார். காலையில் வந்ததும் வராததுமாக அதைச் செய்தாள். சரிந்து இறங்க வேண்டிய கோடு, திரையில் நூல் பிடித்தாற்போல் நேராகக் கிடந்தது. அவளுக்குக் காது மடல் சுட்டது.

தப்பு யாருக்கும் வரும். அதற்காக அவள் வெட்கப்படவில்லை. குழுவில் ஒருவர் இதை முன்பே சொல்லியிருந்தார், அதுதான் அவளைக் குடைந்தது.

"அக்கா, மங்குறது நம்மளோடது இல்லையோன்னு தோணுது. பக்கத்துல இருக்கறதையும் ஒரு தடவ பாத்துடலாமா?" என்று நிறைந்த கூட்டத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"முதல்ல உங்க கண்ணாடிய மாத்துங்க தம்பி, அப்புறம் நட்சத்திரத்த மாத்தலாம்" என்றாள் அவள்.

அறையே கொல்லென்று சிரித்தது. அன்றோடு அவருக்குக் கண்ணாடி என்றே பெயராகிவிட்டது. "என்ன கண்ணாடி, இன்னிக்காவது ஏதாச்சும் தெரியுதா?" என்று கேட்காதவர்கள் அலுவலகத்தில் பாக்கி இல்லை. அவரும் அசடு வழியச் சிரித்து வைப்பார். பிறகு கூட்டங்களில் வாய் திறப்பதையே விட்டுவிட்டார். போன வாரம், கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவுக்கு மாற்றல் கேட்டிருந்தார். அளப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனாலும் ஏன் போகிறீர்கள் என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும்.

மதியம் கூட்டம். 'ஒப்பிட்டதில் ஒரு சிறு சிக்கல்' என்று பூசி மெழுகிவிடலாம் என்றுதான் படியேறினாள். கடைசி நாற்காலியில் அவர் தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னால் ஒருவேளை அவர் போகாமல் இருக்கலாம்.

"கட்டுரைய திரும்ப வாங்கிக்கறேன்" என்றாள். "மாறினது பக்கத்து நட்சத்திரம். தம்பி அன்னிக்கே சொன்னார். நான்தான் கேக்கல. கண்ணாடிய மாத்துங்கன்னு கேலி பண்ணி அவர் வாய அடைச்சுட்டேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது இன்னொருவரைத் தொற்றியது. "அப்ப கண்ணாடி சரியாத்தான் இருந்திருக்கு" என்று இயக்குநரும் தன் பங்குக்கு எடுத்துக் கொடுத்தார். மேசையே குலுங்கியது. கடைசி நாற்காலியில் இருந்தவரும் கூடவே சிரித்தார், வழக்கம்போல. பரிகாரம் செய்ய வந்தவள், மறுபடியும் அவரை நடுவில் நிறுத்தி ஊரைச் சிரிக்க வைத்துவிட்டாள். எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

கூட்டம் கலைந்ததும் நடைவழியில் அவரை மறித்தாள்.

"மன்னிச்சிடுங்க தம்பி. நான் செஞ்சது பெரிய தப்பு."

"விடுங்கக்கா. சொன்னீங்களே, அதுவே பெரிசு."

"அந்த மாற்றல் வேண்டாம், இங்கயே இருங்க. இப்பதான் எல்லாருக்கும் உண்மை தெரிஞ்சிடுச்சே."

அவர் அவளைக் கோபமில்லாமல்தான் பார்த்தார்.

"தெரிஞ்சும் சிரிச்சாங்களேக்கா" என்றார்.