தொட்டிக்குள் மூன்று தட்டல்

எங்கள் சோப்பு ஆலையில் கொழுப்புத் தொட்டியின் கசடைச் சுரண்ட உள்ளே இறங்குகிறவன் நான். பத்து எண்ணுவதற்கு ஒருமுறை சுரண்டியால் சுவரில் மூன்று தட்டுத் தட்ட வேண்டும். மேலே நிற்கிறவன் கையில் என் இடுப்புக் கயிறு இருக்கும். தட்டல் நின்றால் விஷவாயுவில் மயங்கிவிட்டேன் என்று அர்த்தம், யோசிக்காமல் இழுக்க வேண்டும். அவனைக் கயிறு என்றே கூப்பிடுவோம். நான்கு வருடத்துக்கு முன் அவன் மச்சான் உள்ளே இருந்தபோது தட்டல் நின்றது. விளையாடுகிறான் என்று நினைத்து இன்னொரு பத்து எண்ணிவிட்டான். இழுத்தபோது பிணம்தான் வந்தது.

என் மகள் பல்கலைக்கழகத்தில் கவிதை, இசை, வேதியியல் மூன்றையும் சேர்த்துப் படிக்கிறாள். மூன்று மாட்டை ஒரே வண்டியில் பூட்டுகிற படிப்பா என்று கயிறு கேலி செய்வான். அவளுக்கு அதுதான் உயிர். கொழுப்பு சோப்பாக மாறுவதைக்கூடப் பாத்திரம் கழுவிக்கொண்டே பாட்டாகச் சொல்வாள். வருடக் கடைசி அரங்கேற்றத்துக்கு என் தட்டலைப் போனில் பதிந்துகொண்டு போனாள். அரங்கேற்றத்தைப் பார்த்துப் பேராசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் மேற்படிப்பு.

நானும் கயிறும் போனோம். மூன்று முறை குளித்தும் கொழுப்பு நாற்றம் போகவில்லை. எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்கள். இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலி. பேராசிரியர் மைக்கில் 'உழைப்பின் நறுமணம்' என்றார். வாசலில் என்னைப் பார்த்ததும் நீட்டிய கையைப் பையில் போட்டுக்கொண்ட மனிதர் அவர்.

மகள் பாடினாள். நாற்பது வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற எனக்கே அவள் கவிதை புரிந்தது. பின்னால் என் தட்டல், மூன்று மூன்றாக. பாதியில் அது நின்றது.

முப்பது நொடி மௌனம். அழகுக்காகப் பேராசிரியர் சேர்க்கச் சொன்னது. அவள் தாளில் நானே எழுத்துக் கூட்டி வாசித்திருந்தேன். கயிறிடம் சொல்லத் தோன்றவில்லை. தூ, நானும் ஒரு மனிதன்.

பத்து எண்ணி முடிந்ததும் கயிறு எழுந்தான். "தட்டு நின்னுபோச்சு, இழுங்கடா" என்று கத்தியபடி என் இடுப்பு வேட்டியைப் பிடித்து இழுத்தான். சபை சிரித்தது, பிறகு கைதட்டியது. மௌனம் எப்படி வேலை செய்கிறது பாருங்கள் என்று பேராசிரியர் பக்கத்தில் இருந்தவரிடம் பூரித்தார். மேடையைப் பார்த்து, பொறு என்று உள்ளங்கையைக் காட்டினார்.

மகள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கயிறைப் பார்த்தாள். மைக்கால் மேசையில் மூன்று தட்டுத் தட்டினாள்.

"இருக்கேன் மாமா. உக்காருங்க."

அவன் உட்கார்ந்தான். மிச்சத்தை அவள் நிறுத்தாமல் பாடி முடித்தாள். வடிவம் சிதைந்துவிட்டது என்று எழுதிய பேராசிரியர் கையெழுத்துப் போடவில்லை.

வெளியே கை கழுவும் இடத்தில் எங்கள் ஆலைச் சோப்புதான் ரோஜா மணத்தோடு இருந்தது. கயிறு மோந்து பார்த்துவிட்டு எச்சில் துப்பினான். வெறும் தண்ணீரில் முகம் கழுவினான்.

"அடுத்த வருஷமும் இதையேதான் பாடப்போறேன்ப்பா. நடுவுல நிறுத்தாம" என்றாள் மகள்.

"நான் வரேம்மா" என்றான் கயிறு. "நமக்கு என்ன, எப்ப வந்தாலும் சீட்டு காலியாத்தான் இருக்கும்."